ஓட்டம் காணச் சென்றோம்

ஓடுவதற்குப் பயிற்சி வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஓடுகிறவரைப் பார்ப்பதற்கும் ஆயத்தம் வேண்டும் என்றால் நம்மவர் நகைப்பர். பாடசாலை மைதானத்திலே வட்டப் பாதையைச் சுற்றிக் கயிறு கட்டி, பந்தலின் கீழ் நாற்காலி போட்டுச் சோடா அருந்தியவாறே இல்ல விளையாட்டுப் போட்டிகளைக் கண்டு பழகியவர்கள் நாம். அங்கே ஓடுபவர் எங்கும் போய்விடுவதில்லை. சுற்றிச் சுற்றி நம் முன்னேதான் வந்தாக வேண்டும்.

வீதியோட்டத்தின் இயல்பு வேறு. நம் ஊர்ப் பாடசாலைகளின் மரதன் ஓட்டத்தை எண்ணிப் பாருங்கள். காலையில் வாசலால் புறப்பட்ட பிள்ளைகள் ஒழுங்கைகளுக்குள் மறைந்த பின்னர், அவர்கள் திரும்பி வரும்வரை ஆசிரியர்களாகிய நமக்கு வீதியைப் பார்த்திருப்பதைத் தவிர வேறு வேலையில்லை. ஓட்டத்தை உண்மையிலே காண்பவள் படலையோரத்தில் செம்பும் தண்ணீருமாக நிற்கும் கிழவியே. அவள் காண்பதும் ஒரு பிள்ளைக்கு ஒரு கணந்தான்.

இந்த உண்மையை நான் நன்கு எண்ணிப் பார்த்தது 2019ஆம் ஆண்டு ஆவணியிலே, வட இங்கிலாந்தின் நியூகாசில் நகரில், என் மகளின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரிக்கப்பட்டிருந்த ஒரு வரைபடத்தின் முன்னால். அவ்வாண்டு செப்டெம்பர் 8ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை நடைபெறவிருந்த ‘கிரேற் நோர்த் றன்’ என்னும் அரை மரதன் ஓட்டத்தில் மகள் ஓடுவதாக இருந்தாள்.

அவள் ஓட்டக்காரி அல்லள். பாடசாலைக் காலத்தில் இல்லப் போட்டி வரும்போதெல்லாம் அவளுக்கு வயிற்றுவலியும் வரும். ஆயினும், அதற்கு முந்திய ஆண்டிலே அவள் தாயார் புற்றுநோயால் இறந்தபோது, இறுதி ஆறு வாரங்களும் அவரைத் தாங்கிய பராமரிப்பு இல்லமொன்றுக்குப் பணந் திரட்டிக் கொடுப்பதற்காக ஓடப்போவதாகப் பெயர் கொடுத்துவிட்டாள். அந்நாட்டில் இது பெருவழக்கு. ஓடுகிறவர் தம் நண்பர்களிடமும் அயலவரிடமும் ஆளுக்குச் சில பவுண் வாங்கி, ஏதேனும் ஓர் அறப்பணி நிலையத்துக்கு அளிப்பார். சட்டையின் முதுகிலே யாருக்காக ஓடுகிறார் என்பதை எழுதிக்கொள்வார். மகளின் முதுகில் ‘அம்மாவுக்காக’ என்று தமிழில் எழுதிக் கொடுத்தவன் நான். எழுத்து அழகாக வரவேண்டும் என்பதற்காக மூன்று முறை கடதாசியில் எழுதிப் பார்த்தேன்.

இனி ஓட்டத்தைப் பற்றிச் சிறிது. 1976ஆம் ஆண்டு மொன்றியால் ஒலிம்பிக்கிலே பத்தாயிரம் மீற்றர் ஓட்டத்தில் வெண்கலப் பதக்கம் பெற்ற பிரெண்டன் பொஸ்ரர் என்பவர், நியூசிலாந்தின் ஓக்லாந்து நகரத்தில் பொதுமக்கள் திரளாக ஓடும் விழாவொன்றைக் கண்டு வந்து, தம் சொந்த மண்ணில் 1981 யூன் மாதத்தில் இதனைத் தொடக்கி வைத்தார். முதலாண்டிலேயே பன்னீராயிரம் பேரளவில் ஓடினர். 2014இல், இவ்வோட்டத்தை முடித்தவர்களின் மொத்தத் தொகை பத்து இலட்சத்தை எட்டியது. நாங்கள் சென்ற ஆண்டில் ஓடியவர் ஐம்பதினாயிரத்துக்கு மேல்.

தூரம், எல்லா அரை மரதன்களுக்கும் உரிய தூரந்தான். 1908இல் இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட 26 மைல் 385 யார் என்பதே பின்னர் மரதனுக்கு நியமமாயிற்று. அதிற் பாதி, பதின்மூன்று மைலும் இருநூறு யாருக்குச் சற்றுக் குறைவும். நியூகாசில் நகரின் நடுவே செல்லும் பெருஞ்சாலையில் தொடங்கி, தைன் ஆற்றின் மேல் 1928இல் திறக்கப்பட்ட வளைவுப் பாலத்தைக் கடந்து, கேற்ஸ்ஹெட் ஊடாகக் கிழக்கு நோக்கிச் சென்று, வடகடலைக் கண்டதும் இடப்புறந் திரும்பி, சவுத் ஷீல்ட்ஸ் கடற்கரைப் புற்றரையில் முடிகின்றது. தொடக்கமும் முடிவும் வெவ்வேறு ஊர்கள் என்பதைக் கவனிக்க. பார்க்கச் செல்பவருக்குச் சங்கடம் இதிலேதான் பிறக்கின்றது. வீதிகள் மூடப்பட்டுவிடுவதால் மோட்டார் வண்டி உதவாது. இரு ஊர்களையும் இணைக்கும் மெற்றோப் புகையிரதமே துணை.

என் மருமகன் எந்திரவியலாளர். அவர் ஒரு கால அட்டவணை தயாரித்திருந்தார். “மாமா, நாங்கள் நாலு இடத்திலை பாக்கலாம்” என்றார். தொடக்கத்தில் ஒரு முறை. பாலத்தருகே ஒரு முறை. அங்கிருந்து புகையிரதமேறி நான்காம் மைலை அண்டிய ஹெவேர்த் நிலையத்தில் இறங்கி ஒரு முறை. மீண்டும் ஏறிச் சவுத் ஷீல்ட்ஸ் சென்று முடிவிடத்தில் ஒரு முறை. ஒவ்வோர் இடத்துக்கும் மணி, நிமிடம் குறிக்கப்பட்டிருந்தது. கணக்கிலே பிழை காண முடியவில்லை. ஆனால் அக்கணக்கு ஓர் ஆள் ஓடுவதாகக் கொண்டு செய்யப்பட்ட கணக்கு. ஓடுகிறவரோ ஐம்பதினாயிரம் பேர். பின்வரிசையில் நிற்பவர் தொடக்கக் கோட்டைத் தாண்டுவதற்கே அரை மணிக்கு மேலாகும். அகன்ற பெருஞ்சாலை நிறைய மக்கள் நகர, நாம் ஓர் ஓரத்தில் நின்றால் மறு ஓரத்தில் ஓடும் மகள் கண்ணுக்குத் தெரியவே மாட்டாள்.

வரைபடத்தைச் சுட்டி நான் மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: “பிள்ளை, நீ எங்களை எங்கே காண விரும்புகிறாய்?”

நாங்கள் அவளை எங்கே காணலாம் என்பதையே அதுவரை எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். அவள் தயங்காமல் விடை சொன்னாள். “பத்தாவது மைலிலை நில்லுங்கோ அப்பா. முடியிற இடத்திலை ஆக்கள் நிறைய நிப்பினம். அங்கை எப்பிடியும் போய்ச் சேர்ந்திடுவன். பத்தாவது மைலிலைதான் நிண்டிடுவன் எண்டு பயமாக் கிடக்கு.”

ஜோன் றீட் வீதி என்பது அப்பகுதியின் பெயர். முன்னர் ஓடியவர்களைக் கேட்டால் அதன் பெயரைச் சொன்னதும் முகஞ் சுளிப்பார்கள். பாலமும் பாட்டும் ஆகாயத்தில் வண்ணப்புகை கக்கும் விமானங்களும் பின்னே போய்விட்டன. கடலோ இன்னுங் கண்ணிற் படவில்லை. வீதி நீண்டு, ஏறியும் ஏறாமலும் முன்னே கிடக்கின்றது. பயிற்சியிலே பத்து மைலுக்கு மேல் ஓடாதவர்களுக்கு, உடல் அறிந்த எல்லை அங்கே முடிந்து அறியாத எல்லை தொடங்குகின்றது.

அந்த இடத்துக்குச் சென்றால் முடிவிடத்தை நாங்கள் இழக்க வேண்டும். அவள் எஞ்சிய மூன்று மைலை முக்கால் மணி நேரத்தில் கடப்பாள். எழுபது வயதுக் கிழவனும் ஏழு வயதுப் பேரனும் குறுக்கு வழியில் நடந்தாலும் அதற்குள் கடற்கரையை அடைதல் அரிது. பதக்கம் வாங்கும் காட்சியைக் காணாமல் விடுவதா என்று மருமகன் வருந்தினார். முடிவில் ஓர் உடன்பாடு கண்டோம். அவர் தொடக்கத்தில் வழியனுப்பி, ஹெவேர்த்துக்கும் முடிவிடத்துக்கும் செல்வது. நானும் பேரனும் நேரே பத்தாவது மைலுக்குச் சென்று அங்கேயே நிற்பது.

எந்தப் பக்கத்தில் நிற்பது என்பது அடுத்த வினா. ஓட்டம் தொடங்கிவிட்டால் வீதியைக் குறுக்கே கடப்பது எளிதன்று. தைன் டொக் நிலையத்திலிருந்து தெற்கே நடந்து செல்பவர் அடைவது ஓடுபவருக்கு இடப்புறமான ஓரத்தை. ஓட்டப்பாதையும் பின்னர் இடப்புறமே திரும்புவதால், சவுத் ஷீல்ட்ஸ் பட்டினம் முழுவதும் அவ்வோரத்துக்கு உட்பக்கமாகவே அமைகின்றது. ஆகவே இடப்புறம் நிற்பவருக்கு வீதியைக் கடக்கும் தொல்லையே இல்லை. “இடக்கைப் பக்கம், பத்தாவது மைல் பலகைக்குச் சற்று அப்பால்” என்று மகளுக்குச் சொல்லி வைத்தோம். இத்தகைய குறிப்பு இல்லாமல் நிற்பவர், தம் பிள்ளை மறு ஓரத்தால் கடந்து போனதைப் பின்னர் கேள்விப்பட்டே அறிவர்.

அடையாளம் ஒன்று வேண்டும். அங்குள்ளோர் பலூன் கட்டிப் பிடிப்பார்கள். பேரனும் அதையே விரும்பினான். ஆனால் ஆயிரம் பலூன்களுக்குள் நம் பலூனை எப்படி அறிவது? மனைவியின் சேலைகளுள் ஒன்று, கத்தரிப்பூ நிறத்தில் அகன்ற மஞ்சட் கரை போட்டது, மகளின் அலுமாரியில் இருந்தது. அதைக் குடைக்கம்பியில் கொடிபோலக் கட்டினோம். குடை எவ்வாறாயினும் வேண்டியதே. அந்நாட்டுச் செப்டெம்பரை நம்புதல் தகாது. நான்காண்டுகளின் பின், 2023இல், இதே ஓட்டத்தின்போது இடியும் பெருமழையும் வந்து கடற்கரையை வெள்ளக்காடாக்கின. எங்களுக்கு வாய்த்த நாளோ வெயில் நாள்.

பதினொரு மணிக்கு முன்பே எங்கள் இடத்தில் நின்றோம். வீட்டு வாசல்களில் கதிரைகள் வந்துவிட்டன. சிறுவர்கள் தோடம்பழச் சுளைகளையும் இனிப்புகளையும் தட்டங்களில் ஏந்தி நின்றார்கள். ஒரு முதியவர் தோட்டக் குழாயை மதிலுக்கு மேலாக நீட்டிக் கொண்டிருந்தார். நம் படலைக் கிழவியின் செம்புக்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

முதலிலே சக்கர நாற்காலி வீரர்கள் காற்றெனக் கடந்தார்கள். பின்னர் முன்னணிப் பெண்கள். அதன்பின், அன்று ஆறாவது முறையாகத் தொடர்ந்து வெற்றி பெறப்போகும் மோ பரா. பதின்மூன்று மைலையும் அவர் 59 நிமிடம் 7 விநாடியில் முடித்தார். எங்கள் முன் இருந்தது இரண்டு மூன்று விநாடி. பேரன் கைதட்ட வாயெடுத்தான். கை சேருமுன் அவர் போய்விட்டார்.

பிறகுதான் மக்கள் வரத் தொடங்கினார்கள். அந்தக் காட்சியை நான் விரிவாக எழுத விரும்புகிறேன். ஏனெனில் பதக்கமேடைகளைப் பற்றி எழுதுவோர் இதை எழுதுவதில்லை. முதுகுகளிலே தந்தையர் பெயர், குழந்தைகளின் படம், பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும். அழுதபடி ஓடுபவர், சிரித்தபடி நடப்பவர், முழங்காலைப் பிடித்தபடி எங்கள் ஓரத்துக்கு வந்து நின்று, யாரோ தந்த சுளையை வாயிலிட்டு மீண்டும் புறப்படுபவர். அயலிலே நின்ற ஆங்கிலப் பெண்மணி ஒவ்வொருவரின் மார்பிலும் அச்சிட்டிருந்த பெயரை வாசித்துக் கூவினாள். அறியாத ஒருவரைப் பெயர் சொல்லி அழைக்க எங்களுக்கு முதலில் நாணமாயிருந்தது. அரை மணியின் பின் நானும் கூவினேன். ஒன்றைமட்டும் கூவலாகாது என்று அப்பெண்மணி கூறினாள்: “இன்னுங் கொஞ்சத் தூரந்தான்” என்று சொல்லக் கூடாதாம். மூன்று மைல் எஞ்சியிருப்பவருக்கு அது கொஞ்சத் தூரம் அன்று.

பன்னிரண்டேகாலுக்கு மருமகனிடமிருந்து செய்தி வந்தது. பன்னிரண்டு ஐந்துக்கு ஹெவேர்த்தைக் கடந்துவிட்டாள். முகத்தைக் காணவில்லை, முதுகைத்தான் கண்டாராம். என் எழுத்தால்தான் இனங்கண்டார் என்பதை இங்கே அடக்கத்துடன் குறிப்பிடுகிறேன். மைலுக்குப் பன்னிரண்டு நிமிடமாகக் கணக்கிட்டால் ஒன்றேகால் அளவில் எங்களிடம் வரவேண்டும்.

ஒன்றேகால் ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. ஓடுபவர் எங்கே என்று காட்ட வேண்டிய கைத்தொலைபேசி, நெரிசலில் எல்லோரும் ஒரே நேரத்தில் அதனையே நாடியதால் ஊமையாகிவிட்டது. மருத்துவ வண்டியொன்று எதிர்ப்புறமாகச் சென்றது. பேரன், “அம்மா விழுந்திட்டாவோ, அம்மப்பா?” என்றான். சேலையை இன்னும் உயர்த்திப் பிடிக்கச் சொன்னேன். ஆறு வாரமும் அந்த இல்லத்தின் நடைபாதையிலே கதவு திறப்பதைப் பார்த்துப் பார்த்து இருந்தவன் நான்; காத்திருத்தல் எனக்குப் புதிதன்று. என்றாலும் கை நடுங்கியது.

ஒன்று நாற்பதுக்கு வந்தாள். ஓடி அல்ல, நடந்து. தலை குனிந்திருந்தது. பேரன் கூவியது அவளுக்குக் கேட்கவில்லை. சற்று நேரத்தில் தலை நிமிர்ந்தது, சேலையைக் கண்டுவிட்டாள். வீதியின் நடுவிலிருந்து விலகி எங்கள் ஓரத்துக்கு வந்து, தண்ணீர்ப் போத்தலை வாங்காமல் முதலில் சேலையின் முந்தானையைப் பிடித்து முகத்தைத் துடைத்தாள். “கால் விறைச்சுப் போச்சு அப்பா” என்றாள். “இருந்திட்டுப் போறியோ?” என்றேன். “இருந்தால் எழும்ப மாட்டன்” என்று சொல்லிப் புறப்பட்டாள். பத்தடி நடந்தாள், பிறகு ஓடினாள். அரை நிமிடத்துக்கு மேல் அவள் எங்களிடம் நிற்கவில்லை.

முடிவிடத்தின் அப்பால், உறவினர் கூடுவதற்காக ஆங்கில எழுத்துகளைத் தாங்கிய கம்பங்கள் வரிசையாக நடப்பட்டிருக்கும். குடும்பப் பெயரின் முதலெழுத்தின் கீழ் நிற்பது வழக்கம். நம்மவருக்கு இது பெருஞ்சிக்கல். தகப்பன் பெயரா, கணவன் பெயரா, தன் பெயரா? முதல் நாளிரவு இதைப் பற்றி நடந்த விவாதத்தை எழுதினால் தனிக் கட்டுரையாகும். கூட்டம் குறைந்த எழுத்தே நல்லதென்று, இறுதி எழுத்தாகிய ‘இசெட்’டைத் தெரிந்துகொண்டோம். நம் ழகரத்தை எழுதுவதற்கு ஆங்கிலத்திலே கடன் வாங்குவதும் அதனையே என்பதால் எனக்கு ஆட்சேபம் இருக்கவில்லை.

நாங்கள் கடற்கரையை அடைந்தபோது மகள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அக்கம்பத்தின் கீழே புல்லில் இருந்தாள். பதக்கம் மருமகனின் கழுத்தில் தொங்கியது. பேரன் அதைப் பறித்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டான். மகள் என்னைப் பார்த்து, “அந்தச் சீலையை மடியுங்கோ அப்பா, கரை நிலத்திலை இழுபடுது” என்றாள்.

திரும்புகையில் மெற்றோ நிலையத்துக்குச் செல்லவில்லை. எல்லோரும் அங்கேதான் செல்வார்கள். ஆற்றின் முகத்துவாரத்தைக் கடந்து நோர்த் ஷீல்ட்ஸுக்குச் செல்லும் படகு ஒன்று உண்டு. பயணம் ஏழு நிமிடம். அக்கரையிலிருந்தும் நியூகாசிலுக்குப் புகையிரதம் இருக்கின்றது. படகுத்துறையிலும் வரிசை நீண்டுதான் இருந்தது. மகள் மதிலில் சாய்ந்தபடி நித்திரையாகிவிட்டாள்.