சோயா எண்ணெய் சருமத்துக்கு ஏற்றதா?

லாவெண்டர், டீ ட்ரீ, எலுமிச்சைப்புல், யூகலிப்டஸ் என்று சின்னக் குப்பிகளில் வரும் நறுமண எண்ணெய்கள் இப்போது பல வீடுகளில் இருக்கின்றன. இயற்கையானதுதானே என்ற நம்பிக்கையில் அவற்றை அப்படியே தோலில் தடவிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். இது ஆபத்தான பழக்கம். இலையையும் பூவையும் கிலோக்கணக்கில் ஆவியில் வடித்து எடுத்த சாரம் அது. நேரடியாகப் பட்டால் தோல் எரியும், சிவக்கும். சிலருக்கு நிலையான ஒவ்வாமையே வந்து, அந்த வாசனை கலந்த சோப்பைக்கூடத் தொட முடியாமல் போகிறது. தண்ணீரில் விட்டாலும் பயனில்லை. கரையாமல் மேலே மிதக்கும். வேறொரு எண்ணெயில் கலந்து வீரியத்தைக் குறைப்பதுதான் வழி. அப்படித் துணைக்கு வருவதைக் கேரியர் ஆயில் என்கிறார்கள். தேங்காய், எள், பாதாம் எண்ணெய்களோடு இதற்குப் பயன்படும் இன்னொன்று, விலை குறைந்த சோயா எண்ணெய்.

தோலுக்கு அதில் என்ன இருக்கிறது?

சோயா எண்ணெயில் ஏறத்தாழ பாதி லினோலெயிக் அமிலம். நம் உடலால் தானாக உண்டாக்கிக்கொள்ள முடியாத கொழுப்பு இது. கொழுப்பே இல்லாத தீவனம் கொடுத்து வளர்த்த எலிகளின் தோல் செதில் செதிலாக உரிந்ததைக் கண்டு, இத்தகைய கொழுப்புகளின் அவசியத்தை 1929-இல் அமெரிக்காவின் பர் தம்பதியர் வெளியிட்டார்கள். தோலின் மேலடுக்கில் ஈரம் வெளியேறாமல் காக்கும் செராமைடுகள் சிலவற்றில் லினோலெயிக் அமிலம் ஓர் அங்கம். இதை வைத்து, சோயா எண்ணெய் தடவினால் தோல் நோய் தீரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வறண்ட தோலை மிருதுவாக்கும், ஈரத்தைக் காக்கும்; அவ்வளவே அதன் வேலை, அதை நன்றாகவே செய்கிறது.

இன்னொரு விளம்பரமும் உண்டு: சோயாவில் ஐசோஃப்ளேவோன் இருப்பதால் சுருக்கம் மறையும் என்பது. ஐசோஃப்ளேவோன்கள் எண்ணெயோடு வருவதில்லை. பெரும்பாலும் பிண்ணாக்கிலேயே தங்கிவிடுகின்றன. அந்தப் பெயரைச் சொல்லி விற்கும் சோயா எண்ணெய்க்கு அதிக விலை கொடுப்பது வீண்.

நறுமண சிகிச்சைக்கு இதில் வேறொரு வசதி இருக்கிறது. சுத்திகரித்த சோயா எண்ணெய்க்குத் தனி வாசனை மிகக் குறைவு. நல்லெண்ணெயில் கலந்தால் லாவெண்டரின் மணம் அமுங்கிவிடும், இதில் அமுங்காது. தேங்காய் எண்ணெயைப் போல மார்கழிக் குளிரில் உறைவதும் இல்லை.

சமையலறைப் பாக்கெட் போதுமா?

எள்ளில் பாதியளவு எண்ணெய் இருக்கிறது; சோயாவில் சுமார் 20 சதவீதம்தான். அதனால் அதைச் செக்கில் ஆட்டிக் கட்டுப்படியாகாது. ஆலைகளில் ஹெக்ஸேன் என்ற கரைப்பானால் பிரித்தெடுத்து, பசை, நிறம், வாடை எல்லாவற்றையும் நீக்குகிறார்கள். சுத்திகரித்தது என்றாலே கெட்டது என்று நினைக்க வேண்டாம். ஒவ்வாமைக்குக் காரணமான புரதம் அதில் அநேகமாக நீங்கிவிடுவதால், தோலுக்கு இதுவே பாதுகாப்பானது என்பேன். சமையல் பாக்கெட்டில் வேறு எண்ணெய்க் கலப்போ, டிபிஹெச்க்யூ போன்ற பதப்படுத்தும் பொருளோ இருக்கலாம், லேபிளைப் படியுங்கள். அழகுசாதனத் தரம் என்று குறிப்பிட்டு விற்பது கிடைத்தால் அதையே வாங்கலாம்.

எத்தனை சொட்டு?

1 மில்லிக்குத் தோராயமாக 20 சொட்டு. உடம்பில் தேய்க்க 2 சதவீதம் போதும்: 30 மில்லி சோயா எண்ணெய்க்கு 12 சொட்டு. முகத்துக்கு அதில் பாதிக்கு மேல் வேண்டாம். முதலில் முழங்கையின் உட்புறம் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். பெர்கமோட், குளிர்முறையில் பிழிந்த எலுமிச்சை எண்ணெய் ஆகியவற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கருகிப் புண்ணாகலாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் எந்த நறுமண எண்ணெயும் பயன்படுத்த வேண்டாம்.

சீக்கிரம் கெடும்

இந்த எண்ணெயின் பெரிய குறை இதுதான். இதில் 7 சதவீதம் அளவுக்கு ஆல்பா லினோலெனிக் அமிலம் இருக்கிறது. காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் வேகமாகச் சிதைவது அது. சிக்கு வாடை வந்துவிட்ட எண்ணெய் தோலை உறுத்தும். எனவே லிட்டர் கணக்கில் கலந்து வைக்காதீர்கள். சில வாரங்களுக்குத் தேவையானதை மட்டும் கருநிறக் குப்பியில் கலந்து, தேதி எழுதி, ஃபிரிட்ஜில் வையுங்கள்.

மசாஜ் நிலையம் நடத்துபவர்கள் கவனிக்க: இவ்வகை எண்ணெய் ஊறிய துண்டுகளைச் சூட்டோடு குவித்து வைத்தால், அவை தாமாகவே வெப்பமேறித் தீப்பிடிக்கக்கூடும். நன்றாகத் துவைத்து, ஆறவிட்டுப் பிறகு அடுக்குங்கள்.

கொசுவை விரட்டுமா?

ஓரளவு விரட்டும். அமெரிக்காவில் 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், 2 சதவீத சோயா எண்ணெய் கொண்ட தயாரிப்பு சராசரியாக 94.6 நிமிடம் கொசுக்கடியிலிருந்து காத்தது. சிட்ரோனெல்லா தயாரிப்புகள் 20 நிமிடம்கூடத் தாங்கவில்லை. ஆனால் 23.8 சதவீத டீட் கலந்த மருந்து 5 மணி நேரம் தாங்கியது. அந்தச் சோயா தயாரிப்பும் வேறு தாவர எண்ணெய்கள் சேர்த்துச் செய்ததே. டெங்கு பரவும் மாதங்களில் வீட்டில் கலந்த எண்ணெயை நம்பி இருக்கக் கூடாது.

யாருக்கு வேண்டாம்?

சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்த்துவிடுங்கள். முகப்பரு அதிகம் வருபவர்கள் முகத்தில் தடவ வேண்டாம். தோல் வெடித்த, கரப்பான் வந்த கைக்குழந்தைக்கு எந்தப் பருப்பெண்ணெயும் மருத்துவர் சொல்லாமல் தேய்க்காதீர்கள். நிலக்கடலை எண்ணெய் கலந்த க்ரீம்களை அப்படிப்பட்ட தோலில் தடவியதற்கும் பின்னாளில் வந்த கடலை ஒவ்வாமைக்கும் தொடர்பு இருப்பதை 2003-இல் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. யூகலிப்டஸ், கற்பூரம் கலந்த எதையும் குழந்தையின் மூக்கருகே கொண்டுபோகவே கூடாது, வலிப்பு வரலாம்.

தடவிய இடம் தடித்தாலோ அரித்தாலோ உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மறுநாளும் குறையாவிட்டால் தோல் மருத்துவரிடம் போங்கள். போகும்போது அந்தக் குப்பிகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.