டிப்ளமோவோடு நிற்பவர் யார், மேலே போகிறவர் யார்?



அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்தவர், பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்கு மாறிப் போகலாம். 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் தொடங்கிவைத்த நம் சமுதாயக் கல்லூரிகளோ வேலைக்கான பயிற்சியையே முதன்மையாகக் கொண்டவை. நம் பிள்ளைகளுக்கு அப்படிப்பட்ட வழி பாலிடெக்னிக்தான். டிப்ளமோ முடித்தவர் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். அனுமதிக்கப்பட்ட இடங்களில் 10 சதவீதமும், முதலாண்டில் நிரம்பாத இடங்களும் இதற்கு உண்டு. பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதமும் இதில் செல்லும்.

ஆக, இடம் இருக்கிறது. பிறகு ஏன் பலர் போவதில்லை?

மதிப்பெண்ணை மட்டும் காரணமாகச் சொல்வதை நாம் ஏற்க முடியாது. இந்தத் திருநீர்மலையிலிருந்து திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டை பக்கம். ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ் வரும். இறுதித் தேர்வு முடியும் முன்பே டிரெய்னி வேலை கையில் வந்துவிடுகிறது. கலந்தாய்வு அதற்குப் பிறகு. அப்பா சித்தாள் கூலி வாங்கும் வீட்டில் முதலில் வந்த சம்பளமே முடிவைச் சொல்லிவிடும். அசல் சான்றிதழ்களைக் கம்பெனி வாங்கி வைத்துக்கொண்டால் கதை அங்கேயே முடிந்தது. முன்பெல்லாம் இந்தக் கலந்தாய்வுக்குக் காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரிக்கு நேரில் போகவேண்டும். ராத்திரி பஸ், இரண்டு பேருக்கு டிக்கெட், ஒருநாள் கூலி நட்டம். இணையவழி வந்தபின் அந்தச் செலவு மட்டும் குறைந்தது.

அடுத்தது பணம். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. ஆனால் கலந்தாய்வைத் தவறவிட்டு, தரகர் பேச்சைக் கேட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்கு அது கிடையாது. ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. ஒருவர் உதவித்தொகையில் படிக்கிறார், பக்கத்தில் இருப்பவர் கந்துவட்டியில் படிக்கிறார். கலந்தாய்வில் போனவருக்கும் சிக்கல் உண்டு. ஒன்றிய அரசின் 60 சதவீதப் பங்கு மாணவர் கணக்குக்கே வருகிறது. அது வரும்வரை பொறுக்காத கல்லூரிகள் உண்டு.

கணக்குப் பாடத்தையும் சொல்லவேண்டும். இவர்கள் நுழைவது மூன்றாம் செமஸ்டரில். மற்றவர்கள் ஓராண்டு பொறியியல் கணிதம் முடித்துவிட்டு வந்திருப்பார்கள். அந்த இடைவெளியை நிரப்பாமல் அரியர் விழுந்ததும், ‘கோட்டாவில் வந்தவன்’ என்ற பேச்சு கிளம்பும்.

பக்கத்துக் குரோம்பேட்டைக்குப் பெயர் தந்தது குரோம் லெதர் கம்பெனி. தோல் பதனிட்ட கைகளில் நம்மவர் கைகள் எத்தனையோ. அதே ஊரில் 1949 முதல் எம்.ஐ.டி. இருக்கிறது. அந்த வாசலைக் கடந்து வேலைக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று பாலிடெக்னிக்கில் இருக்கிறார்கள்.

அவர்களில் இறுதியாண்டு படிப்பவரை, ஆறாம் செமஸ்டர் முடியும் முன்பே நாம் போய்ப் பார்க்கவேண்டும். சாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறதா, வருமானச் சான்றிதழ் இந்த ஆண்டுடையதா, வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா, அசல் மதிப்பெண் பட்டியல் யாரிடம் இருக்கிறது என்று கேட்கவேண்டும். பிறகு அவர் அம்மாவிடம் உட்கார்ந்து, அந்த மூன்று ஆண்டுச் சம்பளம் வராமல் வீடு எப்படி ஓடும் என்பதைப் பேசவேண்டும்.