நான்கில் மூன்று பங்கு ஒளி எங்கே போயிற்று?

அற்றனை அடுத்த தேயிலைச் சரிவுகளின் நடுவே காசல்ரீ நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கின்றது. அதன் நீர் விமலசுரேந்திர மின்நிலையத்தின் வழியாகவும், அப்பால் 1950-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய பழைய லக்சபான நிலையத்தின் வழியாகவும் இறங்கி மின்சாரம் தருகின்றது. அம்மின்சாரத்தைச் சுமந்த கம்பிகள் தோட்டங்களின் மேலாகவே சென்றன; ஆயினும் கீழிருந்த லயங்கள் பல, பல்லாண்டுகள் குப்பி விளக்கின் புகையிலேயே இரவைக் கழித்தன. பின்னர் வந்த இழைக்குமிழோ, தான் பெற்ற மின்வலுவில் நூற்றுக்கு ஏறக்குறைய 5 பங்கையே ஒளியாக்கியது, எஞ்சியதெல்லாம் வெப்பம். நுவரெலியாக் குளிருக்கு அதுவும் இதம் என்று நகையாடலாம். மின்கட்டணப் பட்டியல் நகையாடுவதில்லை.

2022-ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. அந்நாள்களில் காம்பராவில் இருந்தவருக்கு வெளியுலகத் தொடர்பாக எஞ்சியது கைப்பேசி ஒன்றே. அதன் மின்கலத்தைப் பெரிதும் உண்பனவற்றுள் திரை முதன்மையானது. மலிவான பேசிகளில் திரவப் பளிங்குத் திரையே உண்டு. ஏனையவற்றில் சேதன ஒளிகாலும் இருவாயிகள் இடம்பெற்றுள்ளன. இவை காபன் சேர்மங்களாலான மிக மெல்லிய படலங்கள். 1987-இல் ஈஸ்ற்மன் கொடாக் நிறுவனத்தைச் சேர்ந்த சிங் டாங்கும் ஸ்டீவன் வான் ஸ்லைக்கும் 10 உவோற்றுக்குக் குறைந்த அழுத்தத்தில் அத்தகைய படலத்தை ஒளிரச் செய்து காட்டினர். அதன் திறன், செலுத்திய நூறு இலத்திரன்களுக்கு ஏறக்குறைய ஓர் ஒளித்துகளே.

ஏன் இத்துணைக் குறைவு? படலத்தின் ஒரு புறத்திலிருந்து இலத்திரன்களும், மறுபுறத்திலிருந்து இலத்திரன் இல்லா வெற்றிடங்களாகிய துளைகளும் வந்து ஒரு மூலக்கூறில் கூடுகின்றன. அக்கூட்டம் அவற்றின் தற்சுழற்சியைப் பொறுத்து நால்வகைப்படும். ஒருவகை ஒற்றை நிலை. அது உடனே ஒளிவிடும். ஏனைய மூன்றும் மும்மை நிலை. சாதாரணச் சேர்மங்களில் அவை ஒளிவிடாது வெப்பமாய் அழிந்துபோம். தேயிலைத் தொழிற்சாலையில் நான்கு கிலோவுக்கு மேற்பட்ட பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தூளாகின்றது. ஆங்கு நீங்குவது வேண்டாத நீர்; ஈங்கு நீங்கியதோ வேண்டிய ஒளியே.

1998-இல் அமெரிக்காவில் ஸ்டீபன் பொறெஸ்ற், மார்க் தொம்சன் ஆகியோர் குழு பிளாற்றினச் சேர்மமொன்றைப் படலத்திற் கலந்தது. அடுத்த ஆண்டு இரிடியச் சேர்மம் வந்தது. இத்தகைய கனத்த உலோக அணு அருகிருப்பின், மும்மை நிலையும் ஒளிவிட இடமுண்டாகின்றது. இலண்டனில் புருனெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பூபதி கதிர்காமநாதன் போன்றோர் அருமண் உலோகச் சேர்மங்களை ஆராய்ந்தனர். இரிடியமோ அரியது, விலைமிக்கது. 2012-இல் சப்பானின் கியூசு பல்கலைக்கழகத்துச் சிகாயா அடாச்சி குழுவினர் உலோகமே இல்லாத வழியைக் காட்டினர்: இரு நிலைகளுக்கும் இடையேயுள்ள ஆற்றல் வேறுபாட்டை மிகச் சிறிதாக்கினால், சூழலின் வெப்பமே மும்மை நிலையை ஒற்றை நிலைக்கு உயர்த்திவிடும்.

இவ்வாறு ஒளி பிறத்தலில் இருந்த இழப்பு நீங்கிற்று. ஆனால் பிறந்த ஒளி வெளியே வரவேண்டுமே! காசல்ரீயின் நீருள் ஒரு விளக்கை அமிழ்த்தினால், மேற்பரப்பை நேராக அடையும் கதிர் வெளியேறும்; மிகச் சாய்வாக அடைவது நீருக்குள்ளேயே திரும்பும். முழு அகத் தெறிப்பு என்பது இதுவே. சேதனப் படலத்தின் முறிவுச் சுட்டி நீரினதிலும் பெரிது. ஆகவே சிறையும் கடிது. தட்டையான கண்ணாடியின் மீது அமைந்த சாதனத்தில், உண்டான ஒளியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே வெளிவரும். கண்ணாடிமேல் நுண்வில்லைகளைப் பதித்தல், ஒளியைச் சிதறவைக்கும் துகள்களை இடையே சேர்த்தல், மூலக்கூறுகளைப் படுக்கைவாட்டில் அடுக்கி ஒளியை முன்னோக்கிச் செலுத்துதல் ஆகியன அதனை மீட்கும் வழிகள். இன்றைய உழைப்பின் பெரும்பகுதி இங்கேயே செல்லவேண்டும்.

நீல நிறமோ தனித்த தொல்லை. நீல ஒளித்துகளின் ஆற்றல் மிகுதி. அவ்வாற்றலைத் தாங்கும் இரிடியச் சேர்மம் விரைவிற் சிதைந்துவிடுகின்றது. எனவே கைப்பேசித் திரைகள் பச்சைக்கும் சிவப்புக்கும் இரிடியச் சேர்மங்களை ஏற்றபோதும், நீலத்துக்கு மாத்திரம் நெடுங்காலம் பழைய சேர்மங்களையே கொண்டிருந்தன.