விழுந்து முளைக்காத பல்



ஆலங்குச்சி, வேலங்குச்சி பழமொழி நம்ம எல்லாருக்கும் மனப்பாடம். ஆனா, நம்ம வாயில் எது பால் பல், எது கடைசி வரைக்கும் இருக்கிற பல் என்று கேட்டால் முழிப்போம். இது தெரியாததாலேயே பல பேர் ஒரு நல்ல பல்லை இழந்துடறாங்க. எங்க வகுப்பிலேயே கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினவங்க இருக்காங்க. அதனால்தான் இந்தக் கட்டுரை.

அது எந்தப் பல்?

பால் பற்கள் 20. நிலைப் பற்கள் 32. பால் பல் ஆடி விழுந்தால் கூரை மேல எறிவோம். அந்த இடத்தில் புதுப் பல் முளைக்கும். ஆனால் சுமார் 6 வயதில், பால் பற்களுக்கெல்லாம் பின்னாடி, மேலே 2, கீழே 2 என்று நாலு கடைவாய்ப் பற்கள் வரும். இதுக்காக எந்தப் பல்லும் விழாது. சத்தம் இல்லாமல் வந்து உட்கார்ந்துக்கும். அதனால் வீட்டில் இதையும் பால் பல் என்றே நினைப்பாங்க. சொத்தையானாலும், "விழுந்து முளைச்சுக்கும், விடு" என்பாங்க. அது முளைக்கவே முளைக்காது!

கண்டுபிடிக்க ஒரு சுலப வழி: முன்பல் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்க. 6-ஆவது பல்தான் அது. 6 வயசு, 6-ஆவது பல். மறக்காது.

பல்லில் பூச்சி இருக்கா?

சொத்தைப் பல்லைப் "பூச்சிப் பல்" என்கிறோம். உலகம் முழுக்க ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பினாங்க. பிரான்ஸ் நாட்டு மருத்துவர் பியர் ஃபோஷார் 1728-இல் எழுதிய நூலில் புழு கதையை மறுத்தார். 1890-இல் மில்லர் என்ற விஞ்ஞானி காரணத்தை விளக்கினார். வாயில் இருக்கும் பாக்டீரியா, நாம் தின்னும் இனிப்பையும் மாவுப் பொருளையும் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் பல்லின் எனாமலைக் கரைக்கிறது. நம்ம உடம்பிலேயே கடினமான பொருள் எனாமல்தான். ஆனால் குழி விழுந்துட்டா அது மறுபடி வளராது.

அமிலத்தைச் சரிபண்ணுவது எச்சில். அதுக்கு நேரம் வேணும். ஒரே தடவையில் நாலு தேன் மிட்டாய் தின்பதை விட, ஒவ்வொரு பீரியட் முடிஞ்சதும் ஒண்ணு ஒண்ணா தின்பது பல்லுக்கு அதிகக் கெடுதல்! தூங்கும்போது எச்சில் குறைவாகச் சுரக்கும். அதனால்தான் ராத்திரி பல் விளக்குவது முக்கியம்.

சொத்தையும் சிகிச்சையும்

1. முதலில் பல்லில் வெள்ளைத் திட்டு தெரியும். வலிக்காது. ஃபுளோரைடு மருந்து தடவினால் பெரும்பாலும் அதோட நிறுத்திடலாம்.
2. குழி விழுந்து, ஐஸ் தின்றால் கூசும். சுத்தம் செய்து அடைப்பாங்க.
3. சொத்தை உள்ளே நரம்பு வரை போயிட்டால் ராத்திரியில் வலி உயிர் போகும். வேர் சிகிச்சை செய்து மேலே உறை போடணும்.
4. அதையும் விட்டால் பிடுங்குவதுதான் வழி. அந்தச் சந்தில் பக்கத்துப் பல் சாயும்.

பாருங்க, வலி வருவதற்குள் பாதி வேலை முடிஞ்சுடுது! கிராம்பு வெச்சா வலி குறையும், உண்மைதான். அதில் மரத்துப்போக வைக்கும் யூஜினால் என்ற பொருள் இருக்கு. ஆனால் சொத்தை ஆறாது. கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால் உடனே டாக்டரிடம் போகணும்.

"பல்லைப் புடுங்கினா கண்ணு போயிடும்" என்பதும் தப்பு. பல்லுக்குப் போகும் நரம்பு வேற, பார்வை நரம்பு வேற.

உங்களுக்குத் தெரியுமா?

* தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். அதனால் பல்லில் பழுப்புக் கறை விழும். அதற்காகவே 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. பேஸ்டில் உள்ள சிறிதளவு பல்லைக் காக்கும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு!
* பல்பொடி, பற்பசையில் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு 1992-இல் தடை செய்தது.

நாம் செய்ய வேண்டியது

* காலை, இரவு இரண்டு வேளையும் ஃபுளோரைடு பேஸ்டால் 2 நிமிடம் விளக்கணும். செங்கல் தூள், சாம்பல் வேண்டாம். எனாமலைத் தேய்ச்சிடும்.
* தின்பண்டம் தின்றதும் வாய் கொப்பளிக்கணும்.
* பள்ளிக்கு மருத்துவக் குழு வரும்போது வெட்கப்படாமல் வாயை நல்லாத் திறந்து காட்டணும். 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் பல் சொத்தையும் சேர்ந்திருக்கு.
* வீட்டில் 6, 7 வயசில் தம்பி தங்கை இருந்தால், இன்னைக்கே வெளிச்சத்தில் நிறுத்தி எண்ணிப் பாருங்க. 6-ஆவது பல்லில் கறுப்பு இருந்தால் அம்மாகிட்ட சொல்லுங்க. அவங்களுக்கு அது பால் பல் இல்லைன்னு தெரியாது. நமக்குத் தெரியும்.



— 9-ஆம் வகுப்பு மாணவி,
திருமழபாடி.