பிக்கப் வண்டிக்குப் புது டயரா? அளவும் எடை எண்ணும் பார்த்து வாங்குங்கள்

தோட்டத்தில் பறித்த தக்காளி அன்றிரவே சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் ஒரு டயர் வெடித்தால் ஏலம் தவறிப் போகும். அடுக்கிய பெட்டிகள் சரிந்து அடித்தட்டுக் காய்கள் நசுங்கும். சரக்கின் மேல் ஆள் ஏறி வரும் வழக்கமும் பல ஊர்களில் இன்னும் போகவில்லை. அப்படி வருபவரின் உயிருக்கே ஆபத்து. சொந்தமாகப் பிக்கப் வண்டி வைத்துள்ள உழவர்கள் டயர் வாங்குவதை விதை வாங்குவது போலவே கருத வேண்டும். விலையை மட்டும் கேட்டு வாங்கினால் பிறகு வருந்த நேரிடும்.

பழைய டயர் தேய்ந்து மாற்றும்போது, "கொஞ்சம் பெரிதாகப் போட்டால் வண்டி உயரும், வரப்பில் இடிக்காது" என்று சிலர் யோசனை சொல்வார்கள். "அலாய் வீல் போட்டால் பார்வையாக இருக்கும்" என்பார் வீட்டு இளைஞர். இரண்டிலும் லாபமும் உண்டு, நட்டமும் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்த பின்பே முடிவு செய்வது நல்லது.

டயரில் உள்ள எழுத்துகள்

டயரின் பக்கவாட்டில் 215/75 ஆர் 15 என்பது போல் பொறித்திருக்கும். 215 என்பது டயரின் அகலம், மில்லி மீட்டரில். 75 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 75 சதவீதம் என்று பொருள். ஆர் என்றால் ரேடியல் டயர். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

இதை வைத்து டயரின் முழு உயரத்தை யாரும் கணக்கிடலாம். 215-ல் 75 சதவீதம் 161 மி.மீ. சொச்சம். மேலும் கீழும் சேர்த்து 322.5 மி.மீ. ஓர் அங்குலம் 25.4 மி.மீ. ஆகையால் 15 அங்குல ரிம் 381 மி.மீ. ஆகிறது. இரண்டையும் கூட்டினால் 703.5 மி.மீ. வருகிறது.

சிறு சரக்கு வண்டி டயர்களில் 185 ஆர் 14, 145 ஆர் 12 என்று சதவீதம் இல்லாமலும் போட்டிருப்பார்கள். இவற்றில் பக்கச் சுவர் ஏறக்குறைய 80 சதவீதம் என்று கொள்ளலாம்.

பெரிய டயர் போட்டால் என்ன ஆகும்?

215/75 ஆர் 15-க்குப் பதில் 235/75 ஆர் 15 போடுவதாக வைத்துக் கொண்டால், அதன் உயரம் 733.5 மி.மீ. பழையதைவிட 30 மி.மீ. அதிகம். ஆனால் வண்டி உயர்வது இதில் பாதி, அதாவது 15 மி.மீ. மட்டுமே. ஒன்றரை சென்டி மீட்டருக்காகக் கொடுக்கும் விலையையும் பார்க்க வேண்டும்.

புது டயர் ஒரு சுற்றில் 4 சதவீதத்துக்குச் சற்று அதிகமான தூரம் போகும். வேகம் காட்டும் முள் 60-ல் நிற்கும்போது வண்டி 62½ கிலோ மீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கிலோ மீட்டர் கணக்கும் குறைவாகவே காட்டும். அதை நம்பி ஆயில் மாற்றினால் தவணை தள்ளிப் போகும். சக்கரத்துக்கு வரும் இழுவை அதே அளவு குறைவதால், பாரத்துடன் மேடு ஏறும்போது ஒரு கியர் இறக்க வேண்டி வரும். பிரேக்குக்கும் வேலை கூடும். மலையடிவாரத் தோட்டங்களிலிருந்து பாரத்துடன் இறங்கும் வண்டிகளுக்கு இது முக்கியம்.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போதும், பாரத்தில் பட்டை அமுங்கும்போதும் அகல டயர் மட்கார்டில் உரசலாம். வெறும் வண்டியில் உரசாதது பாரத்தில் உரசும். அகல டயருக்கு ஏற்ற அகலமுள்ள ரிம்மும் வேண்டும். குறுகிய ரிம்மில் அகல டயரை மாட்டினால் நடுப்பகுதி மட்டும் தேயும். பொதுவாக முழு உயர வேறுபாடு 3 சதவீதத்துக்குள் இருப்பதே பாதுகாப்பு என்று கொள்வது வழக்கம்.

எடை எண்ணே முதன்மை

அளவு சரியாக இருந்தால் போதும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. அளவை அடுத்து 100, 104, 108 என்று ஓர் எண் இருக்கும். அது அந்த டயர் தாங்கும் எடையைக் குறிக்கும். 100 என்றால் 800 கிலோ, 102 என்றால் 850, 104 என்றால் 900, 105 என்றால் 925, 106 என்றால் 950, 108 என்றால் 1,000 கிலோ. 102/100 என இரண்டு எண்கள் இருந்தால், முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கும் இரண்டாவது இரட்டைச் சக்கரத்துக்கும் உரியது.

எடுத்துக்காட்டாக, ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குத் தக்காளி ஏற்றும் ஒரு வண்டியின் வெற்று எடை 1,600 கிலோ எனலாம். 25 கிலோ பெட்டிகள் 48 ஏற்றினால் பாரம் 1,200 கிலோ. மொத்தம் 2,800 கிலோ. இதில் 1,800 கிலோ பின் அச்சில் விழுந்தால் பின் டயர் ஒவ்வொன்றும் 900 கிலோ சுமக்கிறது. எடை எண் குறைந்தது 104 வேண்டும்.

215/75 ஆர் 15 அளவிலேயே ஜீப், கார் வகை வண்டிகளுக்கு 100 எண்ணுள்ள டயர்கள் வருகின்றன. பார்வைக்கு வேறுபாடு தெரியாது, விலையும் குறைவாக இருக்கலாம். ஆனால் இரண்டு பின் டயர்களும் சேர்ந்து தாங்குவது 1,600 கிலோதான். 200 கிலோ பற்றாக்குறை. அகலமான 235/75 ஆர் 15-ல் 105 எண்ணுள்ளதை வாங்கினாலும் தாங்குவது 1,850 கிலோ. கையிருப்பு 50 கிலோ மட்டுமே. விலை நன்றாக இருக்கும் நாளில் பத்துப் பெட்டி கூட ஏற்றினால் அந்த இருப்பும் போய்விடும். பெரிய டயர் என்பதால் அதிகப் பாரம் தாங்கும் என்று எண்ணக் கூடாது.

சரியான எடையை அறிய எளிய வழி உண்டு. வழக்கமான பாரத்துடன் எடை மேடைக்குச் சென்று பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி எடை போட வேண்டும். வந்த எடையில் பாதிதான் ஒரு பின் டயரின் சுமை. அதற்கு மேற்பட்ட எண்ணுள்ள டயரையே வாங்க வேண்டும். எண் உயர்ந்த டயர் போட்டதால் பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடைக்கு மேல் ஏற்றலாம் என்பதில்லை. அச்சும் பட்டையும் பிரேக்கும் பழையவைதானே!

அலாய் வீல் ஆசை

15 அங்குல ரிம்மை எடுத்துவிட்டு 16 அங்குல ரிம்மில் 215/70 டயர் போட்டால் முழு உயரம் 707 மி.மீ. ஏறக்குறையப் பழைய அளவுதான். ஆனால் பக்கச் சுவர் ஒரு சென்டி மீட்டருக்கு மேல் குறைந்துவிடும். கல்லும் பள்ளமும் உள்ள தோட்டப் பாதையில் அடியைத் தாங்குவது பக்கச் சுவரின் ரப்பரும் காற்றும்தான். அது குறைந்தால் அடி ரிம்முக்குப் போகும். இரும்பு ரிம் நெளிந்தால் தட்டி எடுக்க முடியும். அலாய் ரிம் விரிசல் விட்டால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

நட்டுகளின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் மட்டும் ரிம் பொருந்தாது. நட்டு வட்டத்தின் விட்டம், நடுத் துளை, ரிம் வெளியே தள்ளி நிற்கும் அளவு மூன்றும் ஒத்திருக்க வேண்டும். சக்கரம் வெளியே தள்ளி நின்றால் பேரிங் சீக்கிரம் தேயும். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்க வேண்டும்.

மண்ணுக்கேற்ற பட்டன்

பெரும்பகுதி தார்ச் சாலையில் ஓடும் வண்டிக்கு நெடுக்குக் கோடுள்ள டயர் சிக்கனம். சேற்றுப் பாதை அதிகமானால் பின்புறம் இடைவெளி விட்ட பட்டன் டயர் உதவும். சக்கரம் சுழலும்போது சேறு உதிர்ந்துவிடும். கரிசலில் நல்ல மழைக்குப் பின் எந்த டயரும் முழுதாக உதவாது. அன்று வண்டியைச் சாலையில் நிறுத்திச் சரக்கைச் சுமந்து வந்து ஏற்றுவதே நல்லது. ஒரே அச்சில் ரேடியலையும் சாதா டயரையும் கலந்து போடக் கூடாது.

சட்டமும் காப்பீடும்

தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. வண்டிக் கையேட்டில் தரப்பட்டுள்ள மாற்று அளவுகளுக்குள் நின்றுகொண்டால் தொல்லை இல்லை. அதைத் தாண்டினால், விபத்துக் காலத்தில் காப்பீட்டுத் தொகை பெறுவதில் சிக்கல் வரலாம்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

* கடையில் கேட்க வேண்டியது அளவு மட்டுமல்ல, எடை எண்ணும்தான்.

* பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள். 2224 என்றால் 2024-ம் ஆண்டின் 22-வது வாரத்தில் செய்தது. பல ஆண்டு கிடந்த டயர் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

* ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும்.

* காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது, வண்டிக் கதவோரத்திலோ கையேட்டிலோ உள்ள அளவுப்படி பிடிக்க வேண்டும். பாரத்துடன் காற்றுக் குறைந்தால் டயர் சூடேறி வெடிக்கும்.

* பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறைந்தால் ஓட்டக் கூடாது. பள்ளங்களின் அடியில் உள்ள சிறு மேடு பட்டனோடு சமமாகிவிட்டால் மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள்.

பெரும்பாலான உழவர்களுக்கு வண்டியோடு வந்த அளவே ஏற்றது. அதே அளவில், ஏற்றும் பாரத்துக்குப் போதுமான எடை எண்ணும், ஓடும் பாதைக்கு உகந்த பட்டனும் பார்த்து வாங்கினால், வண்டியும் சரக்கும் ஆளும் பத்திரமாக வீடு திரும்பலாம்.