காய்ச்சல் விட்டாலும் மருந்தை விடாதீர்கள்: என்பு மச்சையைப் பற்றிக்கொள்ளும் குருதிப் புற்றுநோய்

ஒரு மாத மருந்திலேயே பிள்ளை தேறி, லயத்து வாசலில் விளையாடத் தொடங்கிவிடுகிறது. அதற்குப் பிறகும் ஏன் இரண்டு, மூன்று வருஷம் சிகிச்சை? ஹட்டனிலோ பொகவந்தலாவையிலோ இருந்து மகரகம அபேக்‌ஷா புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வருவது லேசான காரியமில்லை. வைத்தியம் இலவசம் என்றாலும் பஸ் காசு வேண்டும். கொழுந்துக்குப் போகாத தாய்க்கு அன்றைய பேரும் சம்பளமும் இல்லை. ஆகவே இது நியாயமான கேள்வி. இதற்கான பதில், நம் உடலின் கலங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் விதத்தில் இருக்கிறது.

பிடி கொடுக்கும் கட்டளை

கலத்தின் மேற்பரப்பில் இன்டெக்ரின் என்ற புரதங்கள் உண்டு. வெளியே அயலில் உள்ளதைப் பற்றும் இவை, பற்றியதும் உள்ளே செய்தி அனுப்பும். அந்தச் செய்தி 'எஃப்.ஏ.கே.' போன்ற நொதியங்களைத் தூண்டி, 'உயிரோடு இரு, பிரிந்து பெருகு' என்ற கட்டளையாகக் கலத்தின் கருவரை போகும். பிடி விட்டுப்போன பல கலங்கள் தாமாகவே மடிந்துவிடும். இடம் மாறிய கலம் கண்டபடி வளராமலிருக்க உடல் வைத்துள்ள காவல் இது. புற்றுநோய் இந்தக் காவலை மீறுகிறது. சிலவேளை இதே பிடியைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது.

சிறுவர்களின் திண்மக் கட்டிகளிலும் இதைக் காணலாம். பீட்டா-கெட்டெனின் என்ற புரதம் கலங்களை ஒன்றோடொன்று இணைக்க உதவுவதோடு வளர்ச்சிச் செய்தியையும் கருவுக்குக் கொண்டுபோகிறது. சிறு பிள்ளைகளுக்கு வரும் ஹெப்பட்டோபிளாஸ்டோமா என்ற ஈரல் புற்றுநோயில், பெரும்பாலும் இப்புரதத்தின் பரம்பரையலகு பழுதாகி, வளர்ச்சிச் செய்தி நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

மச்சைக்குள் பதுங்குவது

சிறுவர் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது ஏ.எல்.எல். என்ற குருதிப் புற்றுநோய். இதன் கலங்கள் வி.எல்.ஏ-4 என்ற இன்டெக்ரினால் என்பு மச்சையின் தாங்கு கலங்களைப் பற்றிக்கொள்கின்றன. அங்கிருந்து கிடைக்கும் உயிர்காப்புச் செய்திகளால் மருந்தையும் தாங்குகின்றன. இந்தப் பிடியைத் தடுத்தால் மருந்து கூடுதலாக வேலை செய்வதை எலிகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

நோய் கண்டறியும்போது உடலில் ஏறத்தாழ ஒரு இலட்சம் கோடி புற்றுநோய்க் கலங்கள் இருக்கலாம். நூற்றுக்கு 99 அழிந்தாலும் ஆயிரம் கோடி மிஞ்சும். காய்ச்சல் போய், முகம் தெளிந்து, இரத்தப் பரிசோதனையும் நன்றாக இருக்கும். ஆனால் புல்லு வெட்டுகிறவர்களுக்குத் தெரியும்: மேலே செதுக்கிய மலை சுத்தமாகத் தெரிந்தாலும், வேர் கிடந்தால் மழைக்குப் பின் முளைக்கும். மிஞ்சிய கலங்களை அழிக்கத்தான் வருஷக்கணக்கில் மருந்து தொடர்கிறது. கடைசிக் கட்டத்தில் வீட்டில் தினமும் கொடுக்கும் மேர்கப்டோபியூரின் மாத்திரையும் இதற்காகவே. அந்த மாத்திரையை நூற்றுக்கு 95 தடவைக்குக் குறைவாக எடுத்த பிள்ளைகளுக்கு நோய் திரும்பும் அபாயம் கூடியதை அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

செய்ய வேண்டியது

செல்வந்த நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 80 பேருக்கு மேல் குணமாகிறார்கள். பல வறிய நாடுகளில் 30 பேருக்கும் குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிந்திக் கண்டறிவதும் சிகிச்சையை இடையில் கைவிடுவதும் இதற்கு முக்கிய காரணங்கள்.

சிறுவர் புற்றுநோயின் அறிகுறிகளான விடாத காய்ச்சல், வெளிறிய முகம், காரணமில்லாத கன்றல் அடையாளம், எலும்பு வலி, வயிற்றில் கட்டி, கண்மணியில் வெள்ளை ஒளி ஆகியவற்றில் எதைக் கண்டாலும் தோட்ட டிஸ்பென்சரி மருந்தோடு நிறுத்தாமல் டிக்கோயா, நுவரெலியா வைத்தியசாலைகளுக்குப் பிள்ளையைக் கொண்டுபோங்கள். சிகிச்சை நடக்கும்போது காய்ச்சல் வந்தால் அன்றே போக வேண்டும். மருந்தால் நோயெதிர்ப்பு குறைந்திருக்கும். புற்றுநோய் தாய் தகப்பன் செய்த தவறால் வந்த நோயுமல்ல, ஒட்டிக்கொள்ளும் நோயுமல்ல. பிள்ளையை யாரும் ஒதுக்க வேண்டாம்.

தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் கிளினிக் நாளில் தாய்க்குச் சம்பளத்தோடு லீவும் பயணச் செலவும் கிடைக்க வழிசெய்ய வேண்டும். பெற்றோரே, பிள்ளை தேறிவிட்டது என்று நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள். நிறுத்தும் நாளை வைத்தியர் சொல்லட்டும்.