காவல் நாயின் கண்ணைக் காப்போம்

பொழுது புலருமுன் தலைவிளக்கை மாட்டிக்கொண்டு நிரைக்குப் புறப்படும் பால்வெட்டுத் தொழிலாளரின் பின்னே அவர் வளர்க்கும் நாயும் செல்வது பேராக் மாநிலத் தோட்டங்களில் பழகிப்போன காட்சியாகும். ரப்பர் மரங்கள் இருந்த நிலங்கள் பல செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்ட போதிலும், நாய் நம் மக்களை விட்டு அகலவில்லை. சருகுக் குவியலிலும் புதரிலும் முதலில் மூக்கை நுழைப்பது அதுவே. ஆதலால், அங்கு மறைந்திருக்கும் ஆபத்தும் முதலில் அதன் முகத்தையே தாக்குகிறது.

அவ்வாபத்துகளுள் முதன்மையானது நஞ்சு உமிழும் நாகம். நம் முன்னோர் தமிழகத்தில் கண்ட நல்லபாம்பு பொதுவாக உமிழ்வதில்லை, கடிக்கும். தீபகற்ப மலேசியாவில் வாழும் கருநிற நாகமோ தன் நச்சுப் பற்களின் முன்புறத் துளைகள் வழியே நஞ்சைப் பீய்ச்ச வல்லது. அது ஒரு மீட்டருக்கும் அப்பால் பாய்ந்து, எதிரில் நிற்பதன் முகத்தில் விழும். எலியையும் தவளையையும் தேடித் தோட்டங்களுக்கும் லயங்களின் ஓரத்திற்கும் இப்பாம்பு வருவதுண்டு. குரைத்துக்கொண்டு அதனை நெருங்கும் நாய் திடீரென அலறிப் பின்வாங்கி, கண்களை இறுக மூடி, முன்காலால் முகத்தைத் தேய்க்குமாயின், நஞ்சு கண்ணில் பட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

காயமற்ற தோலில் படும் நஞ்சு பெருந்தீங்கு செய்யாது. கண்ணிலோ, முன்புறத்தே கண்ணாடிபோல் அமைந்துள்ள விழிப்படலத்தை அது அரிக்கத் தொடங்குகிறது. அரிப்புற்ற இடம் புண்ணாகி, புண்ணில் கிருமிகள் புகுந்தால் தழும்பு விழுந்து பார்வை மங்கும்; படலமே துளைபட்டுக் கண் அழிவதும் உண்டு. இத்தனை கேட்டையும் பெரும்பாலும் தடுக்கவல்ல பொருள் ஒவ்வொரு வீட்டின் குழாயிலும் இருக்கிறது. அதுதான் தண்ணீர்.

முதலில் நாயைப் பாம்பிடமிருந்து தொலைவுக்கு அழைத்து வரவேண்டும். பாம்பை அடிக்க முயல்வது வீண் வேலை; நம் கண்ணுக்கும் அதே கதி நேரலாம். வலியால் துடிக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கக்கூடும் என்பதால், ஒருவர் அதன் உடலையும் தலையையும் அணைத்துப் பிடிக்க, மற்றவர் கட்டைவிரலால் இமைகளை விலக்கிக் கெண்டியிலிருந்தோ குழாயிலிருந்தோ தண்ணீரை மெல்ல ஊற்றுதல் வேண்டும். மூக்கின் பக்கமிருந்து வெளிப்புறமாகத் தண்ணீர் வழிய வேண்டும். நாய்க்கு மேல், கீழ் இமைகளுடன், உள்மூலையிலிருந்து எழும் மூன்றாம் இமை ஒன்றும் உண்டு. நஞ்சு அதன் மடிப்பில் தங்கிவிடும். ஆகவே ஒரு குவளைத் தண்ணீரோடு நிறுத்தாமல், பதினைந்து முதல் இருபது நிமிடம் வரை விடாமல் கழுவுவது அவசியம். நாய் திமிறும், பிடித்திருப்பவர் களைத்துப்போவார். ஆயினும் கண் பிழைப்பதும் கெடுவதும் பெரும்பாலும் இந்த இருபது நிமிடங்களைப் பொறுத்தே அமைகின்றன.

கண்ணில் தாய்ப்பால் விடும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. அதில் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. ஆனால், நஞ்சை அலசி வெளியேற்ற வாளிக்கணக்கில் நீர் தேவைப்படும் வேளையில் சில துளிப் பால் என்ன செய்யும்? சுண்ணாம்பு, மஞ்சள், பச்சிலைச் சாறு முதலியவற்றை வைப்பதோ புண்ணின்மேல் இன்னொரு புண்ணை உண்டாக்குவதாகும்.

இம்முறை பாம்பின் நஞ்சுக்கு மட்டும் உரியதன்று. மங்கிலும் பால்வாளியிலும் பால் உறையாதிருக்க இடும் அமோனியாவும், பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலமும் நாயின் கண்ணில் தெறித்தாலும் இதையே செய்ய வேண்டும். இவ்விரண்டனுள் அமோனியாவே அதிகம் அஞ்சத்தக்கது. அமிலம் படும் இடத்தைச் சுட்டு, பெரும்பாலும் மேற்பரப்போடு நின்றுவிடும். அமோனியாவோ கண்ணின் உட்பகுதி வரை ஊடுருவிச் செல்லும். எனவே, அமோனியா பட்ட கண்ணை அரைமணி நேரமேனும் கழுவுவது நன்று. மருந்துக் கலன்களை மூடி, நாய்க்கு எட்டாத உயரத்தில் வைப்பது சிரமமான காரியமன்று.

கழுவிய பின் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். முகமோ கழுத்தோ வீங்கியிருப்பின், பாம்பு உமிழ்ந்ததோடு கடித்தும் இருக்கலாம். அந்நிலையில் ஒரு கணமும் தாமதித்தல் கூடாது. கண்ணைத் தேய்க்காதிருக்க, அடிப்பகுதியை வெட்டிய பிளாஸ்டிக் வாளியை நாயின் கழுத்தில் மாட்டலாம். பார்ப்பதற்குச் சிரிப்பாக இருப்பினும் பயனுள்ள உபாயமே. மருத்துவர் ஒருவகைச் சாயத்தைக் கண்ணில் இட்டுப் பார்ப்பார். புண்ணுள்ள இடம் பச்சையாக ஒளிரும். அதன்பின்னரே ஏற்ற சொட்டு மருந்தைத் தருவார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முன்பு யாருக்கோ கண்வலிக்குத் தந்த சொட்டு மருந்து அலமாரியில் இருக்கிறதே என்று எடுத்து நாய்க்கு விடும் பழக்கம் பலரிடம் உள்ளது. டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் அதில் கலந்திருக்கலாம். அவை சிவப்பை உடனே தணித்து, குணமாகிவிட்டது போன்ற தோற்றத்தைத் தரும். உள்ளே விழிப்படலப் புண் ஆறாமல் ஆழமாகிக்கொண்டே போகும். பாம்பினால் கெடாத கண் மருந்தினால் கெடுவது இவ்வாறுதான்.

கண்ணில் தோன்றும் நோய் யாவும் கண்ணைச் சார்ந்ததும் அன்று. குட்டி நாயின் கண்ணில் சீழ் வடிவதோடு மூக்கொழுக்கும் இருமலும் சேர்ந்து, அது உணவையும் மறுத்தால் டிஸ்டெம்பர் எனும் கொடிய தொற்றுநோயாக இருக்கலாம். ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கித் தவணை தவறாமல் தடுப்பூசி போடுவதே அதற்குக் காப்பு. உண்ணிகள் பரப்பும் காய்ச்சலிலும் கண்ணினுள் இரத்தம் கசியும். விழி நீலம் பாய்ந்தாற்போல் மங்கும். ஆகவே உண்ணி பொறுக்குவதும் கண்ணைக் காக்கும் வேலையே.

வயது முதிர்ந்த நாயின் இரு விழிகளும் மெல்ல மெல்லச் சாம்பல் நிறம் அடைவது வேறு. ஏழெட்டு வயதுக்குமேல் வில்லை இறுகுவதால் அது நேர்கிறது. வலி இராது, பார்வையும் அதிகம் குறையாது. கண்புரையோ பார்வையை மறைக்கும். இரண்டையும் நாமே பிரித்தறிவது கடினம். மருத்துவரிடம் காட்டித் தெரிந்துகொள்ளலாம். திடீரென ஒரு கண் மட்டும் வெளிறி, நாய் அதனைச் சுருக்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு அஞ்சி ஒதுங்கினால், அதை முதுமையென்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

ஈப்போவில் 1948ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் கால்நடை ஆராய்ச்சிக் கழகம் விலங்கு நோய்களை ஆய்ந்தறியும் கூடமாகும். சிகிச்சைக்கு எங்குச் செல்வது என்பதை மாவட்டக் கால்நடைச் சேவைத் துறை அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டறிந்து, அருகிலுள்ள மருத்துவரின் தொலைபேசி எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.